வேகப்பந்துக்கு எந்த மூட்டு நெகிழ வேண்டும், எது இறுகி நிற்க வேண்டும்?

ஒரு தகப்பன் கேட்டிருப்பது சுருக்கமாக இது: "மகனுக்கு 15 வயது. யாழ்ப்பாணத்தில் பாடசாலை அணிக்கு வலக்கையால் வேகப்பந்து போடுகிறான். கையை முழுக்க நீட்டினால் முழங்கை மற்றப் பக்கமாக வளையும். அதைப் பார்த்துச் சிலர் 'எறியிறான்' என்கிறார்கள். உடம்பு நன்றாக வளைந்தால் வேகம் கூடும் என்று தினமும் ஸ்ட்ரெச்சிங் செய்விக்கிறோம். இப்ப மூன்று கிழமையாகப் பந்து போட்ட பிறகு இடப்பக்க நாரி நோகுது என்கிறான். என்ன செய்யலாம்?"

கடைசியாகச் சொன்னதை முதலில் எடுக்கிறேன். முழங்கை காத்திருக்கலாம், வேகமும் காத்திருக்கலாம், நாரி, அதாவது கீழ்முதுகு, காத்திருக்கக் கூடாது.

வலக்கையால் வேகப்பந்து போடும் பிள்ளைக்கு இடப்பக்க நாரியில், ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓரிடத்தில், கிழமைக்கணக்காக நோ இருந்தால் அதைத் தசைப்பிடிப்பு என்று தைலம் பூசி விடாதீர்கள். பந்தை விடும் நேரத்தில் வலக்கைக்காரனின் உடம்பு இடப்பக்கம் சரிகிறது, பின்வளைவிலிருந்து முன்னுக்கு மடிகிறது, கூடவே திரும்பவும் செய்கிறது. இந்த மூன்றும் சேரும் அதே வேளையில் முன்கால் நிலத்தில் அறைகிறது. அப்போது நிலம் திருப்பித் தரும் விசை உடல் எடையின் 5 மடங்கைத் தாண்டிப் போகும். 50 கிலோ பிள்ளைக்கு அது 250 கிலோவுக்கு மேல், ஒவ்வொரு பந்துக்கும். நாரி முள்ளெலும்புகளில் 4ஆவது, 5ஆவது எலும்புகளின் பின்பக்கத்தில் பாலம் போல ஒரு மெல்லிய பகுதி உண்டு. நெரிபடுவது அந்தப் பாலந்தான், அதுவும் பெரும்பாலும் பந்து போடும் கைக்கு எதிர்ப்பக்கத்தில். முதலில் எலும்பு உள்ளே வீங்கும். அப்போது நிறுத்தாமல் தொடர்ந்து போட்டால் மயிரிழையாக வெடிக்கும். அவுஸ்திரேலிய வேகப்பந்துக்காரர் டெனிஸ் லில்லி 1973இல் மேற்கிந்தியத் தீவுகளில் இதனால்தான் விழுந்தார். அதே நாட்டுப் பட் கமின்ஸ் 2011இல் 18 வயதில் முதல் டெஸ்டை விளையாடினார். அடுத்த டெஸ்டை விளையாட 2017 ஆனது, இடையில் முதுகு திரும்பத் திரும்ப உடைந்தது. இந்தியாவின் பும்ராவுக்கு 2019இலும் 2022இலும் இதே பிரச்சினை, 2023இல் சத்திரசிகிச்சை.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். பிள்ளையை இடக்காலில் மட்டும் நிற்கவிட்டு, நீங்கள் பின்னால் நின்று பிடித்துக்கொண்டு, மெதுவாகப் பின்னுக்கு வளையச் சொல்லுங்கள். பிறகு வலக்காலில். இடக்காலில் நின்று வளையும்போது அதே புள்ளியில் நோ குத்தினால் அன்றோடு பந்துவீச்சை நிறுத்துங்கள். நோகவில்லை என்றாலும் சந்தேகம் தீர்ந்ததாக எடுக்க வேண்டாம். இந்தச் சோதனை சிலரைத் தவறவிடும். எலும்பு, மூட்டு வைத்தியரிடம் கொண்டுபோய் "வேகப்பந்து போடுகிறான், எதிர்ப்பக்க நாரி, மூன்று கிழமை" என்று இந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். ஆரம்ப நிலை எக்ஸ்ரேயில் தெரியாது. எக்ஸ்ரே நல்லாயிருக்கு என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பிள்ளையைத் திரும்பப் பந்து போட விடுவதுதான் இதில் அதிகம் நடக்கும் பிழை. எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள்.

இனி முழங்கை. கை நேராக இருந்தே ஆக வேண்டும் என்று விதி சொல்லவில்லை. பந்து போடும் கை தோள் மட்டத்துக்கு வந்ததிலிருந்து பந்து கையை விட்டுப் போகும்வரை, மடிந்திருந்த முழங்கை நிமிரக் கூடாது என்பதுதான் விதி. வெறுங்கண்ணுக்கு நேராகத் தெரியும் கைகளும் சில பாகை நிமிர்கின்றன என்று அளவீடுகள் காட்டியதால், சர்வதேச ஆட்டத்தில் 2005 முதல் எல்லோருக்கும் 15 பாகை வரை விடுகிறார்கள். அதற்கு முன் வேகப்பந்துக்கு 10, மிதவேகத்துக்கு 7.5, சுழலுக்கு 5 என்று இருந்தது. உங்கள் மகனுக்கு முக்கியமான செய்தி இன்னொன்று: நேர்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போகும் வளைவை ஐசிசி (சர்வதேச கிரிக்கெட் சபை) அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. பாகிஸ்தானின் சோயிப் அக்தருக்கு இருந்தது இந்த வகை முழங்கைதான். முரளிதரனுடையது இதற்கு நேர் எதிர், பிறவியிலேயே முழுதாக நிமிராத முழங்கை. இரண்டையும் ஒரே பெயரில் "எறிதல்" என்று திட்டிய காலம் ஒன்று இருந்தது.

பார்ப்பவர்கள் பொய் சொல்லவும் இல்லை. மறுபக்கம் வளையும் முழங்கை தோளோடு சேர்ந்து சுழலும்போது, ஒரு கோணத்தில் மடிந்தது போலவும் அடுத்த கணம் நிமிர்ந்தது போலவும் தெரியும். ஆகவே தொலைபேசியில் ஸ்லோ மோஷனில், முடிந்தால் செக்கனுக்கு 240 படங்கள் வீதம், மூன்று இடத்திலிருந்து எடுங்கள்: நேர் பக்கவாட்டில், துடுப்பாட்டக்காரன் பக்கத்திலிருந்து, நடுவர் நிற்கும் இடத்துக்குப் பின்னாலிருந்து. இரண்டு படங்களை மட்டும் நிறுத்திப் பாருங்கள், மேல்கை நிலத்துக்குக் கிடையாக வந்த படமும் பந்து விரலை விடும் படமும். முதல் படத்திலேயே முழங்கை பூட்டி மறுபக்கம் போயிருந்தால் பயமில்லை. முதல் படத்தில் உள்ளங்கைப் பக்கமாக மடிந்து, இரண்டாவதில் நிமிர்ந்திருந்தால் அது உண்மையான பிழை, திருத்த வேண்டும். பவுன்சரும் யோக்கரும் போடும்போதும் ஸ்பெல்லின் (ஓய்வில்லாமல் தொடர்ந்து போடும் ஓவர்களின்) கடைசி ஓவரிலும் தனியாக எடுத்துப் பாருங்கள். களைத்த கை முதலில் மடியும்.

அந்த முழங்கையைக் காப்பாற்றவும் வேண்டும். ஒவ்வொரு பந்துக்கும் முழங்கையின் பின்னெலும்பு அதன் குழியில் போய் இடிக்கிறது. அதைப் பிடித்து நிறுத்துவது மேல்கையின் முன்பக்கத் தசை. 3 கிலோ அளவு எடையை மற்றக் கையின் உதவியோடு தூக்கி, பந்து போடும் கையால் மட்டும் 4 செக்கன் எடுத்து இறக்கும் பயிற்சி, 10 தடவை வீதம் 3 சுற்று, கிழமைக்கு 3 நாள். 3 லீற்றர் தண்ணீர் உள்ள கான் போதும். கீழே வரும்போது முழுதாகப் பூட்ட விடாமல் சற்று மடிந்த நிலையில் நிறுத்த வேண்டும். தண்டால் எடுக்கும்போதும் அப்படித்தான்.

உங்கள் கேள்வியின் நடுவில் இருந்த நம்பிக்கைக்கு வருகிறேன்: உடம்பு வளைய வளைய வேகம் கூடும் என்பது. அது சரியல்ல, உங்கள் மகன் விஷயத்தில் ஆபத்தானதும்கூட. வேகப்பந்து என்பது ஓட்டத்தில் சேர்த்த வேகத்தை முன்காலில் திடீரென்று நிறுத்தி, அந்த நிறுத்தத்தால் மேலுடம்பையும் கையையும் முன்னுக்கு வீசுவது. ஓடிவரும் சைக்கிளின் முன்சில்லைப் பிடித்தால் ஓட்டுபவர் எப்படி முன்னுக்குப் பறப்பாரோ அப்படி. பிடிக்கும் இடம் தளர்ந்தால் பறப்பு இல்லை. ஆகவே சில மூட்டுகள் தாராளமாகத் திரும்ப வேண்டும். சில மூட்டுகள் அந்தக் கணத்தில் கல்லாக நிற்க வேண்டும். திரும்ப வேண்டியவை கணுக்கால், இடுப்பு மூட்டுகள், மேல்முதுகு, தோள். நிற்க வேண்டியவை முன்முழங்காலும் நாரியும். திரும்ப வேண்டியது திரும்பாவிட்டால், அந்தத் திருப்பத்தை நாரி தன் தலையில் ஏற்றுக்கொள்ளும்.

பிள்ளை இயல்பாகவே தளர்ந்த மூட்டுக்காரனா என்று முதலில் பாருங்கள். பைட்டன் அளவுகோல் என்று 9 புள்ளிச் சோதனை ஒன்று உண்டு. சின்னிவிரலைப் பின்னுக்கு மடித்தால் 90 பாகையைத் தாண்டுகிறதா, பெருவிரல் முன்கையைத் தொடுகிறதா, முழங்கை 10 பாகைக்கு மேல் மறுபக்கம் வளைகிறதா, முழங்கால் அப்படியே 10 பாகைக்கு மேல் போகிறதா: இந்த நான்கும் இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு புள்ளி. முழங்கால் மடிக்காமல் குனிந்து இரண்டு உள்ளங்கையையும் நிலத்தில் பதிக்க முடிந்தால் ஒன்று. பருவமடைந்த வயதுக்கு 5 அல்லது அதற்கு மேல் வந்தால் பொதுவாகவே மூட்டுகள் தளர்வானவை. அப்படியானவனுக்குத் தினமும் இழுத்து நீட்டும் பயிற்சி தேவையே இல்லை, தசைப்பலம்தான் தேவை. இப்போது செய்விக்கும் ஸ்ட்ரெச்சிங்கில் பாதி, அவனிடம் ஏற்கெனவே மிதமிஞ்சி இருப்பதைக் கூட்டுவதாக இருக்கலாம். ஆனால் தளர்ந்த உடம்பிலும் ஓரிரு இடம் இறுகியிருக்கும். அதனால் ஒவ்வொன்றாக அளந்த பிறகுதான் எதை நீட்டுவது என்று தீர்மானிக்க வேண்டும்.

கணுக்காலுக்கு ஒரு சுவர் போதும். வெறுங்காலுடன் சுவரைப் பார்த்து நின்று, குதிக்கால் நிலத்தை விடாமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். தொடக்கூடிய அளவில் பாதத்தைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டே போய், கால் பெருவிரலிலிருந்து சுவருக்கு எத்தனை சென்ரிமீற்றர் என்று அளவிடுங்கள். 10 அளவில் இருந்தால் நல்லது. இரண்டு காலுக்கும் இடையில் 2 சென்ரிமீற்றர் வித்தியாசம் இருந்தால் குறைந்த பக்கத்தைக் கவனியுங்கள், பழைய சுளுக்கு ஏதாவது இருக்கும்.

இடுப்பு மூட்டைத்தான் நம் பயிற்சிகளில் யாரும் பார்ப்பதில்லை, அதிகம் கெடுப்பதும் அதுதான். வலக்கைக்காரனுக்கு முன்கால் இடக்கால். அது நிலத்தில் ஊன்றிய பிறகு முழு உடம்பும் அதன் மேல் இடப்பக்கமாகத் திரும்பிப் போகிறது. இடது இடுப்பு மூட்டு உட்பக்கமாகச் சுழல இடம் கொடுத்தால்தான் அது முடியும். பிள்ளையைக் குப்புறப் படுக்கவைத்து முழங்காலைச் செங்குத்தாக மடித்து, பாதத்தை வெளிப்பக்கமாக விழ விடுங்கள். கெண்டைக்கால் நிமிர்ந்த நிலையிலிருந்து எத்தனை பாகை சாய்கிறது என்று தொலைபேசியின் மட்டமானியால் அளக்கலாம். 30க்குக் கீழே என்றால் இறுக்கம். வலக்கால், அதாவது பின்கால், பின்னுக்கு நீண்டு தள்ள வேண்டும். அதற்குச் சோதனை, மேசை விளிம்பில் மல்லாந்து படுத்து இடமுழங்காலை நெஞ்சோடு கட்டிப்பிடித்தல். வலத்தொடை மேசையில் படியாமல் மேலே நின்றால் கவட்டின் முன்பக்கத் தசை குட்டை. அவன் பின்காலால் தள்ளும்போது அந்தத் தசை நாரியைப் பின்வளைவுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். நாள் முழுக்க வகுப்பில் கதிரை, பிறகு ரியூசனில் வாங்கு என்று இருக்கும் பிள்ளைகளிடம் இது மிகச் சாதாரணம்.

மேல்முதுகுக்கு: கதிரையில் இருத்தி, முழங்கால்களுக்கு இடையில் ஒரு பந்தை நெரித்துப் பிடிக்கச் செய்து, தோள்களுக்குக் குறுக்கே ஒரு தடியை வைத்துத் திரும்பச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் 45 பாகை வர வேண்டும். தோளுக்கு: மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து, நாரி நிலத்தோடு ஒட்டியபடி இரண்டு கையையும் தலைக்கு மேலே நிலத்தைத் தொடக் கொண்டுபோக வேண்டும். நாரி மேலெழும்பினால்தான் கை நிலத்தைத் தொடுகிறது என்றால், பந்தை உயரத்தில் விடும் ஒவ்வொரு தடவையும் அவன் நாரியைக் கடன் வாங்குகிறான் என்று அர்த்தம்.

இறுகிய இடம் கண்டால் அதற்கு மட்டும் 30 செக்கன் வீதம் 3 தடவை, மாலையில், ஆட்டம் முடிந்த பிறகு. ஆறு கிழமை கழித்து மீண்டும் அளவிடுங்கள். பந்து போடப் போகும் முன் ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்து வைத்தால் அந்த நேரத்துக்கு அதன் வெடிப்பு வலு குறைகிறது. பந்து போடும் முன் உடம்பைத் தயார்ப்படுத்த அசைந்து செய்பவையே நல்லவை: கால் வீசுதல், நடந்தபடி முன்னடி வைத்து மேலுடம்பைத் திருப்புதல், கை சுழற்றுதல், பிறகு அரை வேக ஓட்டம்.

அடுத்தது பந்துவீச்சு முறை. இதில்தான் நாரி நோவின் வேர் பல பிள்ளைகளுக்கு இருக்கிறது. பின்கால் விழும்போது பாதம் கிறீசுக்கு (பந்து போடும் கோட்டுக்கு) இணையாக இருந்தால் இடுப்பும் தோளும் பக்கவாட்டாக இருக்க வேண்டும். பாதம் துடுப்பாட்டக்காரனைப் பார்த்தால் இடுப்பும் தோளும் நெஞ்சு தெரிய முன்னுக்கு இருக்க வேண்டும். இரண்டும் பாதுகாப்பானவையே, இடைப்பட்ட கோணமும் பாதுகாப்பானதே, இடுப்பும் தோளும் ஒரே திசையில் இருக்கும்வரை. இடுப்பு முன்னுக்கும் தோள் பக்கவாட்டுக்கும் போவதுதான் கலப்பு முறை. பின்கால் விழுந்த பிறகு தோள்கள் இன்னும் பின்னுக்கு, 30 பாகைக்கு மேல் திரும்பினால் முதுகெலும்பு வெடிப்புக்கான ஆபத்து கூடுகிறது. பின்கால் தரை தொட்ட படத்திலும் முன்கால் விழுவதற்குச் சற்று முன் உள்ள படத்திலும் தோள்கோட்டை ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். இது பெரும்பாலும், பக்கவாட்டாகப் போடு என்று பழைய புத்திமதி கேட்டு, முன்னுக்குப் பார்த்து ஓடிவரும் பிள்ளை தோளை மட்டும் வலிந்து திருப்புவதால் வருவது. திருத்தம் தோளில் இல்லை, பின்பாதத்தில். பாதம் எந்தப் பக்கம் இயல்பாக விழுகிறதோ, தோளை அதற்கு ஒத்துப்போக விடுங்கள்.

முன்கால் பற்றியும் ஒன்று. பந்தை விடும்போது முன்முழங்கால் நிமிர்ந்திருப்பவர்கள் பொதுவாகக் கூடிய வேகம் பெறுகிறார்கள். மடிந்து இருந்துவிடுபவர்கள் ஓட்டத்தின் ஒரு பங்கை நிலத்துக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் "காலை நிமிர்த்து" என்று கத்துவதால் மட்டும் அது வராது. 15 வயதில் அந்தக் காலுக்கு அந்த விசையைப் பிடிக்கும் பலம் இல்லாமல்தான் மடிகிறது, அந்த மடிப்பு ஒரு பாதுகாப்பும்கூட. முதலில் பலம்: ஒற்றைக்காலில் குதிக்கால் தூக்கல் 15 வீதம் 3, ஒற்றைக்காலில் நின்று இடுப்பிலிருந்து குனிந்து 5 லீற்றர் கானைத் தூக்கல் 8 வீதம் 3, 30 சென்ரிமீற்றர் படியிலிருந்து முன்காலில் இறங்கி முழங்கால் ஆடாமல் 3 செக்கன் நிற்றல் 5 வீதம் 3. நாரிக்குப் பக்கவாட்டுப் பிளாங்க், இரு பக்கமும் 30 முதல் 45 செக்கன், 3 தடவை. நாரி நோ உள்ளபோது இவற்றில் எதைச் செய்யலாம் என்பதை இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) கேட்டுத் தொடங்குங்கள். தளர்ந்த முழங்கால் உள்ளவன் மறுபக்கம் பூட்டும் அளவுக்கு நிமிர்த்தக் கூடாது என்பதையும் அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

நம்மூர்த் தரையையும் கணக்கில் எடுங்கள். சீமெந்தின் மேல் மட்டிங் விரித்த விக்கெட்டில் முன்கால் விழுவது கல்லில் விழுவதற்குச் சமம். ஆடி, ஆவணி வெயிலில் செம்மண் மைதானமும் அப்படித்தான் இறுகிக் கிடக்கும். அங்கே ஆணி இல்லாத, குதிக்காலில் நல்ல மெத்தை உள்ள ஓட்டச் சப்பாத்து போட வேண்டும். தேய்ந்து தட்டையான மலிவுச் சப்பாத்து நாரியைத்தான் தின்னும். வலைப்பயிற்சியில் பாதிப் பந்துகளை ஆறு காலடி ஓட்டத்தில் போடலாம். சனி ஞாயிறு ஊர்க் கழகத்துக்கு மென்பந்து போடுவதும் பந்துவீச்சுத்தான். பந்து எடை குறைவு, ஆனால் முன்கால் விழும் விசை குறைவதில்லை. பயிற்றுநருக்குப் பாடசாலையில் போட்ட ஓவர்கள் மட்டுமே தெரியும், மிச்சத்தை எண்ண வேண்டியது நீங்கள்தான். ஒரு கொப்பியில் நாள்வாரியாகப் பந்து எண்ணிக்கையை எழுதுங்கள். இங்கிலாந்து கிரிக்கெட் சபை பல காலம் கடைப்பிடித்த அளவு 15 வயதுக்குட்பட்டோருக்கு ஒரு ஸ்பெல்லுக்கு 6 ஓவர், ஒரு நாளைக்கு 12; தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இல்லை, ஏழு நாளில் நான்கு நாளுக்கு மேல் இல்லை. 17க்குட்பட்டோருக்கு ஸ்பெல்லுக்கு 7, நாளைக்கு 18. மாதம் ஒருமுறை சுவரில் உயரத்தைக் குறியுங்கள். திடீரென்று வளரும் மாதங்களில் எலும்பு முந்திப் போகும், தசை பின்தங்கும், போன மாதம் வந்த பந்துவீச்சு இந்த மாதம் குலையும். அது சோம்பல் இல்லை. அந்த மாதங்களில் ஓவரைக் குறையுங்கள்.

எலும்பில் வெடிப்பு என்று தெரியவந்தால், பந்து கையில் எடுக்கவே மூன்று மாதமாவது ஆகும், ஆட்டத்தில் முழு வேகத்துக்கு ஐந்தாறு மாதம். நோ போய்விட்டது என்பது எலும்பு பொருந்திவிட்டது என்பதாகாது. நோ பெரும்பாலும் சில கிழமையில் போய்விடும். திரும்பும்போது நின்ற இடத்திலிருந்து, பிறகு நடந்து, பிறகு ஆறு காலடி, பிறகு முழு ஓட்டம். ஒரு நாள் 12 பந்தில் தொடங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள், கிழமைக்குக் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். மார்கழியில் நோ தொடங்கிய பிள்ளை மார்ச்சில் பாடசாலைகளுக்கிடையே வரும் பெரும்போட்டியில் பந்து போட முடியாது. அதை இப்போதே அவனிடமும் பயிற்றுநரிடமும் சொல்லிவிடுங்கள். துடுப்பாட்டத்துக்கும் களத்தடுப்புக்கும் எப்போது போகலாம் என்பதை வைத்தியர் சொல்லட்டும்.